தோப்பம்மா யாரையும் திட்டியதில்லை

“உனக்கு எதுக்குடி ஊரான் வூட்டு சமாச்சாரம்? காலேஜிக்குப் போற பொண்ணு புஸ்தகத்தப் பாக்கறத வுட்டுட்டு கெழவி வாயப் பாத்துக்கினு கீற. போ, போயி வேலயப் பாரு.”

பேத்தி அசையவில்லை. நான் இப்படித் திட்டினால் சொல்லப்போகிறேன் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் நான் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். “வெயிலு மூஞ்சில அடிக்கற வரைக்கும் தூங்கினா வூடு உருப்புடுமா?” என்று கேட்டேன். பூனை பாவம், விடியும் முன்னே எழுந்து எலி பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. என் மருமகள்தான் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆயா, இந்த வித்தைய யாருகிட்ட கத்துக்கினே?” என்று விடாமல் கேட்கிறாள்.

நல்ல இடத்தில்தான் கற்றுக்கொண்டேன், கேளடி.

அந்தம்மாவுக்குப் பேர் இருந்தது. சொல்ல மாட்டேன். பிள்ளை இன்னும் ஆரணியில் கௌரவமாகப் பட்டுக்கடை வைத்திருக்கிறான். நான் போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறான். விலையைக் குறைக்கச் சொன்னால்தான் காது கேட்பதில்லை. ஊரில் எல்லோரும் அந்தம்மாவைத் தோப்பம்மா என்பார்கள். கண்ணமங்கலம் போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி அவர்களுடைய தென்னந்தோப்பு இருந்தது. நடுவில் ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு லாயம். லாயத்தில் ஒரு குதிரை. வாசலில் மூன்று நாய்கள். அந்தம்மாவின் வீட்டுக்காரர், நாங்கள் ஐயா என்போம், பட்டு வியாபாரி. முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு தறி. அவர்களுக்குப் பட்டும் பாவும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொண்டு வருவார். போகவர அந்தக் குதிரை வண்டி. குதிரைக்குப் புல் அறுத்துப் போடுவதும், லாயம் கூட்டுவதும், நாய்களுக்குக் கூழ் ஊற்றுவதும் என் வேலை.

நான் அங்கே இருந்த காலம் முழுக்க, தோப்பம்மா ஒரு மனிதரைக்கூடத் திட்டியதில்லை. கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அந்தம்மா வாய் அவ்வளவு சுத்தம். வேலை சொல்லும்போது நம்மைப் பார்த்துச் சொல்வார், “அந்தக் கூடைய எடு, இந்த வாளிய வை” என்று. மனதில் இருப்பதைச் சொல்லவேண்டும் என்றால் மட்டும் நாய் வரவேண்டும்.

ஜாடைப் பேச்சு எந்த வீட்டில் இல்லை? மாமியார் பானையைத் திட்டுவாள், மருமகள் துடைப்பத்தைத் திட்டுவாள். அதெல்லாம் கைத்தறி. தோப்பம்மா வைத்திருந்தது மில்லு.

ஊரில் நாய்க்குப் பேர் வைப்பது கூப்பிடுவதற்காக. தோப்பம்மா திட்டுவதற்காக வைத்தார். உயரமாக, வெள்ளையாக, காது மடிந்து இருந்ததற்குத் துரை என்று பேர். அது ஐயாவுக்கு. பெட்டை ஒன்று, அதற்கு மகாராணி. அது ஐயாவின் தங்கைக்கு. போளூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அடிக்கடி வருவாள். மூன்றாவது குட்டைக்கால், செம்மண் நிறம். அதற்குச் சோம்பேறி என்று பேர். அது வேலைக்காரர்களான எங்களுக்கு. “சோம்பேறி” என்று அந்தம்மா குரல் கொடுத்தால் தோப்பில் வேலை செய்கிற நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்போம். நாய் மட்டும் திரும்பாது.

துரை கெட்டிக்காரன். திட்டு முடிந்ததும் அந்தம்மா அதற்கு ஒரு துண்டு தோசை போடுவார். வாங்கிய திட்டுக்குக் கூலி. திட்டு பெரிதாக இருந்தால் முழுத் தோசை. அதனால் ஐயா ஏதாவது தப்பு செய்யமாட்டாரா என்று துரை காத்துக்கொண்டே இருக்கும். ஐயா செருப்போடு உள்ளே போனால் போதும், துரை ஓடிப்போய் அந்தம்மா காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நாங்கள் வேலைக்கு வந்ததும் அதன் வயிற்றைத்தான் பார்ப்போம். வயிறு உப்பியிருந்தால் ஐயாவுக்கு அன்றைக்கு நாள் சரியில்லை.

புருஷனிடம் ஏன் இந்தம்மா நேராகப் பேசுவதில்லை என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். பழைய ஆட்கள் சொன்னார்கள். ஒரு தீபாவளிக்கு அந்தம்மா முள்ளிப்பட்டுக்கே போய், தறியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு புடவையைப் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டார். அரக்கு நிறம், மாம்பழ நிறத்தில் கரை. “இது என்னுது” என்று நெய்கிறவரிடம் சொல்லிவிட்டு வந்தார். புடவை வீட்டுக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்துப் போளூர்த் தங்கையும் வந்தாள். எடுத்துப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், தோளில் போட்டுப் பார்த்தாள். கொடுப்பதற்கு ஐயாவின் கை எப்போதும் நீளும். “எடுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டார்.

தோப்பம்மா சிரித்த முகமாகக் குங்குமம் வைத்துக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் ஐயா காபி கேட்டார். அந்தம்மா நாயைப் பார்த்து, “குடுக்கற கை தாராளமாத்தான் கீது துரை. காபிய அந்தக் கையிலயே ஊத்தறேன், குடிக்கச் சொல்லு” என்றாராம். நாய் அப்போது குட்டி. அதற்கு அன்றைக்குத்தான் அந்தப் பேர் கிடைத்தது.

ஐயா முதலில், “யாரச் சொல்ற நீ?” என்று எகிறியிருக்கிறார்.

“நான் நாயோட பேசிக்கினு கீறேன். மனுசங்களுக்கு ஏன் ரோசம் வருதுன்னு தெரியல” என்று நாயிடமே சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஐயாவும் வழிக்கு வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்? நான் என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

“துரை, குளிக்கத் தண்ணி வெச்சாச்சான்னு கேளு.”

“துரை, கெணத்துல தண்ணி கீது, வூட்ல வெறகு கீது, ஆம்பளைக்குக் கை கீதுன்னு சொல்லு.”

துரை நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும், ஜட்ஜ் மாதிரி. இப்படியே வருஷங்கள் ஓடின. நடுவில் ஒரு பிள்ளையும் பிறந்தது. அது எப்படி என்று என்னைக் கேட்காதே. அந்த நேரத்தில் நாய் வெளியே கட்டியிருந்திருக்கும்.

ஒருதரம் புதிதாக ஒரு வண்டிக்காரர் வந்து சேர்ந்தார். சந்தவாசல் பக்கத்து ஆள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அந்த வீட்டுக்கு ஆகாத குணம். ஐயா அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வராமல், யாருக்கும் சொல்லாமல் ஊர் சுற்றிவிட்டு வந்தார். அந்தம்மா கொதித்துப்போயிருந்தார். துரையைப் பார்த்து, “இந்த வூட்டுக்கு நீ இருந்து இன்னா, இல்லாட்டி இன்னா? உன்ன வண்டில ஏத்தி கண்ணமங்கலத்துல வுட்டுட்டு வந்தாதான் எனக்கு நிம்மதி” என்றார். வண்டிக்காரர் தலையை ஆட்டினார். துரையைத் தூக்கி வண்டியில் போட்டார். போனார். விட்டுவிட்டு வந்தார். வந்து, “வுட்டுட்டேம்மா” என்று பெருமையாக நின்றார்.

அந்த வீடு அன்றைக்கு ஊமையானது. அந்தம்மா மகாராணியை வைத்துப் பார்த்தார். அது பெட்டை, ஐயாவுக்குப் பொருந்தவில்லை. சோம்பேறியைக் கூப்பிட்டார், நாங்கள்தான் ஓடி வந்தோம். கிணற்று ராட்டினத்தை ஒரு நிமிஷம் திட்டிப் பார்த்தார், அது கிரீச் என்று எதிர்த்துப் பேசியது. ஐயா குடையிடம், “சோறு ஆச்சா?” என்று கேட்டதை நான் பார்த்தேன். குடை பதில் சொல்லவில்லை. அவர் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் ஐயாவே வண்டியைப் பூட்டிக்கொண்டு கண்ணமங்கலம் போனார். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வாசலில் படுத்திருந்த துரையைத் தூக்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். தோப்பம்மா வாசலிலேயே நின்றார்.

“வாங்க துரை. ஊரெல்லாம் சுத்திட்டு இப்பதான் வூடு ஞாபகம் வந்துச்சா?”

யாருக்குச் சொன்னார் என்று இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

குதிரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது செந்நிறப் பெட்டைக் குதிரை, செவலை என்று பேர். புடவைச் சண்டை நடந்த அதே வருஷம், சண்டைக்குக் கொஞ்சம் பிந்தி வீட்டுக்கு வந்தது. நாய்களுக்குத் திட்டு என்றால் செவலைக்கு நல்ல வார்த்தை. அந்தம்மா மனதில் யார்மேலாவது இரக்கம் வந்தால் நேராக லாயத்துக்குப் போவார். அந்தக் குதிரை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. கண்ணு, அம்மாடி, தாயி, இவைதான் அதற்குத் தெரிந்த வார்த்தைகள்.

உன் அப்பனை நான் வயிற்றில் வைத்திருந்தபோது, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் வந்தேன். தோப்பம்மா பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“வயித்துல புள்ளய வெச்சிக்கினு இந்தப் பாரத்தத் தூக்கினா இன்னாவறது கண்ணு? நாளைலேருந்து புல்லு வேற ஆளு கொண்டாரட்டும். நீ நெழல்ல குந்திக்கினு கொள்ளு பொடச்சாப் போதும். மோரு அடுப்படில கீது, எடுத்துக் குடி.”

செவலை வயிற்றில் குட்டியும் இல்லை, அதற்குக் கொள்ளு புடைக்கவும் தெரியாது. நான் போய் மோரை எடுத்துக் குடித்தேன்.

அப்புறம் ஐயாவுக்கு ஸ்கூட்டர் ஆசை வந்தது. ஆரணித் தெருவில் பாதிப் பேர் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள், நாம் மட்டும் குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்து போவதா என்று ஒன்று வாங்கினார். முதல் நாளே தோப்பு வரப்பில் ஏற்றி, கீரைப் பாத்தியில் போய் விழுந்தார். தோப்பம்மா லாயத்துக்கு ஓடினார். அடிபட்டவர் கீரையில் கிடக்கிறார், இவர் குதிரையிடம், “பாத்தியா கண்ணு, உன் வண்டில ஏறி என்னிக்காவது இப்டி வுழுந்தாங்களா? முட்டில மஞ்சப்பத்து போடணும்னு கூடத் தோணாம வெறிச்சிப் பாத்துக்கினு நிக்கறாங்களே ஜனங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள்தான் ஓடிப்போய் மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டோம்.

முட்டி ஆறியது. ஐயா ஸ்கூட்டரில் முள்ளிப்பட்டுக்குப் போய்வரக் கற்றுக்கொண்டார். வண்டி லாயத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து நின்றது. ஒருநாள் ஐயா, “வண்டி நின்னுபோச்சி. சும்மா நிக்கற குதிரைக்குக் கொள்ளு எதுக்கு? தரகரு வருவாரு, வேலூருக்கு ஓட்டிக்கினு போவட்டும்” என்று பொதுவாகச் சொன்னார். வேலூருக்கு என்றால் மார்க்கெட்டில் மூட்டை வண்டி இழுக்க. அங்கே போன குதிரை திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

தோப்பம்மாவுக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலமே, ஐயா கட்டிலில் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, அவர் காதில் விழுகிற மாதிரி குதிரையிடம் ஆரம்பித்தார்.

“கண்ணு, உன்ன மூட்ட இழுக்க அனுப்பப் போறாங்களாம். பட்டு சுமந்த முதுகு தாயி இது. அரிசி மூட்டையும் சாட்டையும் தாங்குமா? போகாத. போக வேணாம்னு நான் சொல்றேன்.”

ஐயாவுக்கு எல்லாம் கேட்டது. ஆனால் அந்தத் தடவை அவர் வேறு கணக்கில் இருந்தார். துரையைக் கூப்பிட்டார்.

“துரை, குதிரகிட்ட சொன்னா எனக்கு எப்டித் தெரியும்? குதிர வந்து எங்கிட்ட சொல்லட்டும். இல்லன்னா சொல்ல வேண்டியவங்க எம்மூஞ்சப் பாத்து, வாயத் தொறந்து, ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த நிமிசமே குதிரய விக்கறத நிறுத்திடறேன். அது நடக்கலன்னா குதிர போவும்.”

பாவம், மனுஷனுக்கு ஆசை. குதிரையை விற்று அவர் கோட்டை கட்டப் போவதில்லை. பெண்டாட்டி வாயிலிருந்து தன் பக்கமாக ஒரு வார்த்தை வராதா என்று பார்க்கிறார். இப்போது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. சொன்னால் செவலை இருக்கும். சொல்லாவிட்டால் வேலூர்.

அந்தம்மா முயற்சி செய்யாமல் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாக நின்று, “ஏங்க” என்று சொல்லிப் பார்த்ததை நான் பார்த்தேன். “ஏங்க” வந்தது. அதற்கு மேலே வரவில்லை. தண்ணீர் சேந்தப் போய்விட்டார். ஐயா குறுக்கே வரும்போது உதடு பிரியும், உடனே கண் துரையைத் தேடும். இத்தனை வருஷம் மடங்கியே இருந்த விரல் நீட்டச் சொன்னால் நீளுமா?

எனக்குப் பொறுக்கவில்லை. சோம்பேறிக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே, “சோம்பேறி, ஒரு வார்த்ததான? சொன்னா வாயி தேஞ்சிடுமா?” என்று கேட்டேன்.

லாயத்திலிருந்து பதில் வந்தது. “கண்ணு, கூழு ஊத்த வந்தவங்கல்லாம் நமக்குப் புத்தி சொல்ற காலமாப் போச்சி பாரு.”

தரகர் வந்தார். தோளில் துண்டு, காதில் பீடி. நல்ல அனுபவஸ்தர். வந்ததும் அவர் குதிரையின் காலைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை. சுழியைப் பார்த்தார். குதிரை உடம்பில் முடி சுழித்துக்கொண்டு இருக்கும் இல்லையா, அது இருக்கிற இடத்தை வைத்துத்தான் வாங்குகிற வீட்டுக்கு நல்லது கெட்டது. நெற்றியில் இருந்தால் இப்படி, கழுத்தில் இருந்தால் அப்படி என்று அதற்கு ஒரு சட்டமே உண்டு. சுழி கெட்ட குதிரையை எங்கள் பக்கத்தில் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள். தரகர் செவலையைச் சுற்றிச்சுற்றி வந்து, முடியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, “சுழியெல்லாம் சுத்தமா கீதுங்க” என்றார். பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கப் போனார்.

அப்போது தோப்பம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். ஐயா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வார்த்தை வரப்போகிறது என்று அந்தம்மா வாயையே பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

அந்தம்மா ஐயாவைத் தாண்டிப் போனார். நேராகச் செவலையிடம் போய், அதன் முகத்திலேயே பளீரென்று ஒன்று வைத்தார்.

குதிரை அடியை விட ஆச்சரியத்தில்தான் பின்வாங்கியது.

“சனியனே,” என்றார் தோப்பம்மா. “நீ காலு வெச்ச நாளா இந்த வூட்ல புருசனும் பொஞ்சாதியும் மூஞ்சி பாத்துப் பேசினது உண்டா? பிடரி மயிருக்கு அடில மறைச்சி வெச்சிக்கினு கீறியே ஒரு சுழி, இன்னும் எத்தினி குடும்பத்த முழுங்கும் அது? போ. போற எடத்துலயாவது அவங்க பொஞ்சாதிய வாழ வுடு.”

தரகர் கை குதிரையின் உதட்டிலிருந்து இறங்கியது. தோப்பு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசுவதில்லை என்பது ஆரணிச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை. காரணம்தான் தெரியாமல் இருந்தது. இன்றைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவர் ஐயாவைப் பார்த்தார்.

“இன்னாங்க, அம்மா சொல்றது நெசமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க” என்றார் ஐயா.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசுங்க. நான் கண்ணால பாத்துட்டு ஓட்டிக்கினு போறேன்.”

ஐயா வாயைத் திறந்தார். அந்தம்மா தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவின் வாய் மூடியது. மறுபடி திறந்தது. பழக்கம் விடுமா? குனிந்து, “துரை, இவருகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லச் சொல்லு” என்றார்.

நாயிடம் நியாயம் கேட்கிற ஒரு பெரிய மனிதரைத் தரகர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கோச்சிக்காதீங்க. எனக்கும் வூட்ல ஒருத்தி கீறா. இப்பதான் கொஞ்சம் நல்லபடியா பேசறா.”

போய்விட்டார். ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார். சுழி கதை ஒரு வாரத்தில் கண்ணமங்கலம் வரைக்கும் பரவிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் குதிரையைக் கேட்டு ஒரு ஈகூட வரவில்லை. ஐயாவும் விற்கிற பேச்சை எடுக்கவில்லை. ஒரு வார்த்தைக்காக ஒரு குதிரையைப் பணயம் வைத்தார். குதிரை மிஞ்சியது, வார்த்தை வரவில்லை.

தோப்பம்மா ஜெயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் கை நிறையக் கொள்ளு எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். செவலை முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டது.

“கண்ணு” என்றார். காதை மடக்கிக்கொண்டது.

நான் கொடுத்தால் தின்றது. ஐயா கொடுத்தால்கூடத் தின்றது. அந்தம்மா கை வந்தால் மட்டும் சுவர். மறுநாளும் சுவர். அதற்கு மறுநாளும் சுவர். திட்டே கேட்டறியாத பிறவி. ஒரு பாவமும் அறியாததன் தலையில் தன் வீட்டுப் பழி முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று அந்தம்மாவுக்கு உறுத்தியிருக்கும். சோறு சரியாகச் சாப்பிடவில்லை. லாயத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. ஆனால் குதிரையிடம் எப்படிக் கேட்பது? அத்தனை வருஷமாகக் குதிரையிடம் பேசியதெல்லாம் மற்றவர்களுக்காகப் பேசியது. குதிரைக்கென்று அதனிடம் அவர் எதையும் பேசியதே இல்லை. மனதில் இருப்பதை யாரிடம் சொல்லவேண்டுமோ, அவர் முகத்தைப் பார்த்தால் வாய் கட்டிக்கொள்ளும். அது அந்தம்மாவின் பிறவி. குதிரை முகமும் முகம்தானே.

துரையை வைத்துச் சொல்லிப் பார்த்தார். “துரை, தப்பு என்னுதுதான்” என்று ஆரம்பித்தார். துரைக்கு அந்தக் குரலைக் கேட்டதும் தோசை ஞாபகம். துள்ளிக் குதித்துக் குரைத்துக்கொண்டு லாயத்துக்குள் ஓடியது. செவலை இன்னும் மிரண்டு மூலைக்குப் போனது. நாயைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கட்டினேன்.

அந்த நேரம் ஐயா அங்கே வந்தார். முள்ளிப்பட்டுக்குக் கிளம்பும் முன் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது அவருக்கு இப்போது வழக்கமாகியிருந்தது. விற்க நினைத்தவர்தான். குதிரைக்கு முன்னால் நின்று அதன் நெற்றியைத் தடவினார். அவருக்குப் பின்னால் தோப்பம்மா, கையில் முறத்தில் கொள்ளு. நான் மூலையில் சாணியை வழித்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க” என்றார் தோப்பம்மா.

ஐயா திரும்பித் துரையைத் தேடினார். துரை இல்லை.

“உங்களத்தாங்க.”

ஐயாவின் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவி கீழே விழுந்தது.

“கோச்சிக்காதீங்க. உங்க மேல பழியத் தூக்கிப் போட்டுட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்கு வேற வழி தெரியல, அதான் அப்டிச் சொல்லிட்டேன். கை நீட்டினதும் தப்பு. மனசுல வெச்சிக்காதீங்க. எங்கையால ஒரு வாயி சாப்புடுங்க.”

அவர் கையை எப்போது நீட்டினார் ஐயா மேல்? ஐயாவுக்கு அதை யோசிக்க நேரம் ஏது? மனுஷன் கரைந்துபோய் நின்றார். கண்ணில் மளமளவென்று தண்ணீர். எனக்குக் கண்ணில் தண்ணீர் இல்லாததால் அந்தம்மாவின் பார்வை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் ஐயாவின் முகத்தில் பட்டு, அவர் தோளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்வார், செவலையின் காதைப் பார்ப்பார். இன்னொன்று சொல்வார், பார்ப்பார். மடங்கியிருந்த காது மெல்ல நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பியது. கழுத்து நீண்டது. ஐயாவின் தோளுக்கு மேலாக வந்து, அந்தம்மாவின் முறத்துக்குள் வாயை விட்டது.

“பரவால்ல வுடு. நான் அன்னிக்கே மறந்துட்டேன்” என்றார் ஐயா. அவர் தோளில் குதிரையின் கழுத்து, வெள்ளைச் சட்டை முழுக்கக் கொள்ளும் எச்சிலும்.

தோப்பம்மா தலையை ஆட்டினார். குதிரையைப் பார்த்துத்தான் ஆட்டினார்.

மறுநாள் காலையில் காபி துரை வழியாகத்தான் போனது. “துரை, ஆறிப்போறதுக்குள்ள குடிக்கச் சொல்லு” என்றார் அந்தம்மா. ஐயா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு இருந்தவரைக்கும் அந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றிப் பேசிப் பேசியே பூரித்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல தூக்கத்தில் இருக்கிறவரை எதற்கு எழுப்புவது?

ஊருக்கு விஷயம் போகாமல் இருக்குமா? லாயத்தில் அந்தப் பேச்சு நடந்த அன்றே, சாயங்காலம் நான் வீடு திரும்பும் முன்பே எங்கள் தெருப் பொம்பளைகள் குழாயடியில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாடி, தோப்பு வூட்ல புருசனும் பொஞ்சாதியும் பேசிக்கினாங்களாமே? ராசியாயிட்டாங்களா?”

“ராசியானது அந்தம்மாவும் குதிரையும்” என்றேன். “துரையக் கெணத்தடில கட்டிட்டேன், அதால இன்னிக்கு நாயி வேல ஐயா பாத்தாரு.”